ஓரகத்தி அணைத்த அடுப்பு

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் பொழுது விடிந்தால் பகோடா வாசனைதான். உத்திரமேரூருக்குச் சற்று வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் வீடு. என் கணவருக்கு அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை. அவருடைய அண்ணன் காரப் பலகாரம் விற்பவர். பகலில் பஸ் நிற்கும் இடத்திலும், சாயங்காலமானால் டூரிங் டாக்கீஸ் வாசலிலும் தகர டின்னோடு நிற்பார். அந்த டின்னை நிரப்புகிறவள் அவர் மனைவி, என் ஓரகத்தி. பகோடா, காராபூந்தி, முறுக்கு, ஓமப்பொடி எல்லாம் அவள் கையால்தான். கொல்லையில் கீற்றுக் கொட்டகையின் கீழே ஒரு பெரிய மண் அடுப்பு, அதன்மேல் கன்னங்கரேலென்று ஓர் இரும்புச் சட்டி. காலையில் அவள் பற்றவைத்தால் வெயில் உச்சிக்கு வரும்வரை அது அணையாது.

அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடச் சில வயது மூத்தவள். அதிகம் பேசமாட்டாள். தலைப்பிரசவத்தில் பிள்ளை செத்துப் பிறந்தது, அதற்கப்புறம் அவளுக்குத் தங்கவேயில்லை என்று மாமியார் எனக்குச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் இருவருக்குள் சண்டை கிடையாது. ஒட்டுதலும் கிடையாது. அவள் அடுப்படியில் இருப்பாள், நான் தண்ணீர்க் குடத்தோடு போவேன் வருவேன். அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்தது. முதலில் வாந்தி. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அது நின்றதும் ஒரு பசி பிடித்தது பாருங்கள், அப்படியொரு பசியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. சோற்றின்மேல் இல்லை அந்தப் பசி. உப்பும் உறைப்பும் வேண்டும். கருவாடு வேண்டும். மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் திணித்துத் தின்ன வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொல்லையில் பொரிகிற அந்தப் பகோடா வேண்டும். டின்னின் அடியில் உடைந்த தூளும் உப்பும் காரமுமாக ஒரு வண்டல் தங்கும். அதைக் கையால் வழித்து நக்குவதில் எனக்கு இருந்த ஆனந்தம் இன்றைக்கும் நாக்கில் தெரிகிறது. போதாக்குறைக்குப் புடவைத் தலைப்பில் ஒரு கல் உப்பை முடிந்து வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுச் சப்புவேன்.

யாரும் தடுக்கவில்லை. தடுப்பார்களா? வயிற்றுப் பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்குத் தாய் கிடையாது. சிறுவயதிலேயே போய்விட்டாள். ராஜகுளத்தில் நைனா மட்டும்தான். அதனால் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற பேச்சே எழவில்லை. தாயில்லாப் பெண் என்று மாமியார் என்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். கருவாட்டுக் குழம்பை எனக்கென்று தனியாக எடுத்து மூடி வைப்பார். பக்கத்து வீட்டுக்காரிகள் கிண்ணத்தில் ஊறுகாய் கொண்டு வருவார்கள். என் கணவர் மில்லிலிருந்து வரும்போது மடியில் ஒரு பொட்டலம் இருக்கும். வீட்டிலேயே மலைபோல் பலகாரம் இருக்க, கடையிலிருந்து வேறு வாங்கி வருவார். அவருக்கு அது ஒரு பெருமை. அக்காவும் ஆரம்பத்தில் ஒன்றும் சொல்லவில்லை. நான் கொட்டகைப் பக்கம் போய் நின்றால், ஜல்லிக்கரண்டியில் அள்ளி ஒரு தாமரை இலையில் போட்டு நகர்த்தி வைப்பாள்.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கினார்கள். மூத்த சுமங்கலிகள் சந்தனம் பூசினார்கள். அக்கா அந்தக் கூட்டத்தில் இல்லை. சமையல்கட்டில் சித்திரான்னங்களைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவும் இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போல் கொட்டகையில் அவளுக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்து பகோடாவுக்காகக் காத்திருந்தேன். மாவை உதிர்த்துக்கொண்டிருந்தவள், என் காலைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் பாதத்தை இழுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"மெட்டி இன்னா இப்டி சதைக்குள்ள பூந்துக்கினு கீது?"

"மாசம் ஏறினா அப்டித்தான் ஆவும்னு அத்தை சொன்னாங்கக்கா."

அவள் என் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். விரல் வைத்த இடம் குழியாகவே நின்றது. பிசைந்த மாவில் அழுத்தினது போல. அவள் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலையில் எனக்காக எடுத்து வைத்திருந்த பகோடாவைத் திரும்பவும் டின்னிலேயே கொட்டிவிட்டாள்.

"இனிமே உனக்கு இது கெடையாது."

"ஏங்கா?"

"கெடையாதுன்னா கெடையாது. கருவாடும் வாணாம், ஊறுகாவும் வாணாம். நாளைக்கி என்கூட ஆஸ்பத்திரிக்கி வா. நர்ஸம்மாவ பாக்கலாம்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பயத்தால் வந்த நீர் இல்லை. தின்ன எடுத்து வைத்ததைப் பிடுங்கிவிட்டாளே என்கிற ஆத்திரம். நேரே மாமியாரிடம் போய்ச் சொன்னேன்.

மாமியார் கொல்லை வாசலில் நின்று போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "உனுக்குத்தான் இல்லன்னு ஆயிப்போச்சி. வந்தவளாவது பெத்துக்கட்டுமே! ஒரு புடி பகோடாவ குடுக்க மனசு வரலயே உனுக்கு? வயித்தெரிச்சலு!"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டியில் பொரிந்துகொண்டிருந்ததை வாரி எடுத்தாள், அடுத்த ஈட்டைப் போட்டாள். ஆனால் அன்று முதல் டின்னைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். நான் போனால் மூடிவிடுவாள். கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள், பெறாதவளுக்குப் பொறாமை என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். பகோடா இல்லாவிட்டால் என்ன, மாமியாரின் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது என்று வீறாப்பாகத் தின்றேன்.

வாரம் போவதற்குள் எனக்குத் தலைவலி வந்தது. நெற்றியை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல. காலையில் எழுந்தால் முகம் உப்பிக் கண் இடுங்கியிருந்தது. மாமியார் சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டார். அதைப் பார்த்ததும் அக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். மாமியாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் கணவரைப் பார்த்துச் சொன்னாள்.

"வண்டி கட்டச் சொல்லு. இவள இட்டுக்கினு போறேன். அப்பால நீங்க என்ன இன்னா வோணா பேசிக்குங்க."

அவள் அப்படிக் குரலை உயர்த்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை. என் கணவர் மறுபேச்சில்லாமல் போய்ப் பக்கத்து வீட்டு மாட்டு வண்டியைக் கேட்டு வந்தார்.

உத்திரமேரூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா ஒரு கிறிஸ்துவப் பெண்மணி. வெள்ளைப் புடவை, காலில் தோல் செருப்பு, சிரிக்காத முகம், மென்மையான கை. என் காலைப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார். கையில் துணியைச் சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கின் மேலே காட்டினார். அது மெல்ல வெளுத்து, நீர்த்த கஞ்சி போல் திரண்டது. அதைப் பார்த்த அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நல்ல நேரத்துல கூட்டிக்கிட்டு வந்தீங்கம்மா," என்றார் நர்ஸம்மா அவளிடம். என் பக்கம் திரும்பி ஒவ்வொன்றாகச் சொன்னார். உப்பை அடியோடு நிறுத்த வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடைப் பலகாரம் எதையும் தொடக்கூடாது. பால், முட்டை, கீரை, பருப்பு சாப்பிட வேண்டும். பகலிலும் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். வாரா வாரம் வந்து காட்ட வேண்டும். தலைவலி கூடினாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ அந்த நிமிஷமே புறப்பட்டு வர வேண்டும்.

"ஆசையா கீதே, அதுக்கு இன்னா பண்றதும்மா?" என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"ஆசை வரும். வந்தா கொஞ்ச நேரம் இருக்கும், அப்புறம் போயிடும். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டிடு. தினமும் தாண்டு. அதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும். இவங்க இருக்காங்களே."

திரும்பி வரும்போது ஏரிக்கரை மேட்டில் பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் அக்கா. வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இறங்கிப் போனார். நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவளாகவே பேசினாள்.

"எனுக்கும் இப்டித்தான் காலு வீங்கிச்சி. எங்கம்மா வூட்ல கீறேன். எனுக்கும் உன்ன மாதிரியேதான் ஆச. கருவாடு கேட்டா கருவாடு, ஊறுகா கேட்டா ஊறுகா. தெரு சனமே கொண்டாந்து குடுத்துது. ஒரு நாளு தல வலிக்குதுன்னு படுத்தேன். அப்பால எனுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரில கீறேன். புள்ள இல்ல. வலிப்பு வந்து இஸ்த்துக்கினு கெடந்தேனாம்."

அவள் வாயைத் திறந்து நாக்கைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் ஒரு தழும்பு. கடித்துக்கொண்ட இடம்.

"காலு வீங்கனப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு அங்க கீற டாக்டரம்மா சொன்னாங்க. எனுக்கு யாரும் வாணாம்னு சொல்லலடி. எல்லாரும் ஆசையா குடுத்தாங்க. அதான் நான் சொல்றேன்."

"இத்த ஏங்கா அத்தையாண்ட சொல்லல? அவங்க பேசற பேச்சையெல்லாம் கேட்டுக்கினு..."

"வலிப்புக்காரின்னு தெரிஞ்சா வூட்ல வச்சிக்குவாங்களா? எங்கம்மா சத்தியம் வாங்கிக்கினு அனுப்பிச்சிது. நீயும் சொல்லாத."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. என் தலைப்பின் முடிச்சைத் தொட்டு, "இது இன்னா?" என்றாள். அவிழ்த்துக் காட்டினேன். கல் உப்பு. நானே அதை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதை ஏரித் தண்ணீரின் பக்கமாக வீசியெறிந்துவிட்டு, வண்டிக்காரரைக் கூப்பிட்டாள்.

அன்று ராத்திரி எல்லோரும் வீட்டில் இருந்தோம். மாமியார் எனக்குத் தட்டு வைத்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்ற வந்தார். நான் வேண்டாம் என்று தட்டை நகர்த்தினேன். நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். மாமியார் கேட்கவில்லை. "அவங்க இன்னா, சொல்லிட்டுப் போயிடுவாங்க. புள்ளைக்கி காதுல சீழு வந்தா அவங்களா வந்து தொடைப்பாங்க? எல்லாம் இவ சொல்லிக் குடுத்தது," என்று அக்காவைக் காட்டிக் கரண்டியை நீட்டினார்.

அப்போது அக்கா எழுந்து நின்றாள். ஏரிக்கரையில் என்னிடம் சொன்னதை, யாரிடமும் சொல்லாதே என்று என்னைக் கேட்டுக்கொண்டதை, மாமியார் முன்னும் தன் கணவர் முன்னும் என் கணவர் முன்னும் தானே சொன்னாள். வலிப்பு என்ற சொல் வரும்போது மட்டும் குரல் உடைந்தது. சொல்லிவிட்டு, "இத்த மறைச்சிட்டேன். என்ன அனுப்பணும்னா அனுப்பிடுங்க. ஆனா இவளுக்கு அந்தக் கொயம்ப ஊத்தாதீங்க," என்றாள்.

பெரிய மாமா, அவள் கணவர், டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"எனுக்குத் தெரியுமே," என்றார். "உங்கம்மா வூட்டுக்கு எதிர்த்தாப்புல கீறவரு அப்பவே சொல்லிட்டாரு. நீயா சொன்னா சொல்லு, இல்லன்னா போவுதுன்னு வுட்டுட்டேன்."

அத்தனை வருஷம் எதற்குப் பயந்தாளோ, அதை அவர் அத்தனை வருஷமும் தெரிந்தே வைத்திருந்தார். அக்கா அவரைப் பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ துன்னியா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் பக்கத்தில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

மறுநாள் காலையில் எழுந்தபோது வீட்டில் ஏதோ குறைந்தது போல இருந்தது. வாசனை இல்லை. கொல்லைக்குப் போனேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. இரும்புச் சட்டி துலக்கிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அக்கா மாவுப் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்கா, யாவாரம்?"

"மில்லு பக்கத்துல டீக்கடை கீதே, அந்த அம்மா பின்னால எடம் தரேன்னுட்டாங்க. அங்க போட்டுக்கறேன். மூக்குக்கு நேரா இத்த வச்சிக்கினு உன்ன துன்னாதன்னா நாயமா?"

நான் பிரசவிக்கும்வரை அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. வெயிலில் கூடை சுமந்து போவாள், அந்நிய இடத்தில் புகையில் வெந்து திரும்புவாள். திரும்பினவள் நேரே வீட்டுக்குள் வரமாட்டாள். கொல்லைக் கிணற்றில் நீரிறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு புடவை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவாள். புடவையில் ஒட்டிய வாசனைகூட என்னை இழுக்கக்கூடாதாம். ஈரத் தலையோடு அவள் வாசற்படி ஏறுகிற காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

முதல் நாள் உப்பில்லாச் சோறு வாயில் வைத்தபோது மண்ணைத் தின்பது போல இருந்தது. அழுதேன். அக்கா தன் தட்டிலும் அதே சோற்றைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஒரு வீட்டில் இரண்டு சமையல் வேண்டாம் என்று மாமியார் எல்லோருக்குமே உப்பில்லாமல் வடித்தார். ஆண்கள் மட்டும் தட்டோரத்தில் ஒரு சிட்டிகை வைத்துக்கொள்வார்கள். பெரிய மாமா, "ஜெயில்லகூட உப்பு போடுவானுங்க," என்று முனகிக்கொண்டே சாப்பிட்டார். சாப்பிட்டார் என்பதைத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

நாக்கை ஏமாற்ற அக்கா என்னென்னவோ செய்து பார்த்தாள். கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். பருப்பில் பூண்டைத் தட்டிப் போட்டு மிளகு தூவினாள். மாங்காயைப் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு கலந்தாள். கொத்தமல்லி விதையை வறுத்து இடித்துச் சோற்றில் தூவினாள். சில நன்றாக இருக்கும், சில வாயில் வைக்க வழங்காது. வழங்காததைத் தின்றுவிட்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். என் கணவர் பொட்டலம் வாங்குவதை விட்டார். வெள்ளரிப்பிஞ்சும் கொடுக்காப்புளியும் கிடைக்கிற நாளில் கொண்டு வந்தார். அவர் மடியிலிருந்து எண்ணெய்க் கறை மறைந்தது.

இருந்தாலும் ஆசை விடவில்லை. பிற்பகலில்தான் அது வரும். படுத்துக் கிடப்பேன். திடீரென்று வாய் ஊறும். டின்னின் அடியில் கிடக்கும் அந்தத் தூள் கண்ணுக்கு முன்னே நிற்கும். அப்போது "அக்கா" என்று ஒரு குரல் கொடுப்பேன். அவள் ஏன் என்று கேட்கமாட்டாள். பல்லாங்குழியை எடுத்து வந்து எனக்கு எதிரே வைப்பாள். நான் ஒருக்களித்துப் படுத்தபடியே ஆடுவேன். புளியங்கொட்டைகளை அள்ளி, போட்டு, அள்ளி, போட்டு, வெறுங்குழியைத் துடைத்து அவள் காய்களை நான் அள்ளும் ஆத்திரத்தில் பகோடா மறந்துபோகும். ஒரு ஆட்டம் முடியும்போது தேடிப் பார்த்தால் ஆசை அங்கே இருக்காது. சில நாள் இரண்டாம் ஆட்டம் வேண்டியிருக்கும். நர்ஸம்மா சொன்ன கொஞ்ச நேரம் என்பது இதுதான் என்று எனக்குப் புரிந்தது. ஆசையை எதிர்த்து நான் ஜெயித்ததாகச் சொல்லமாட்டேன். அது வரும்போதெல்லாம் எனக்கு எதிரே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அவள் டீக்கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் மாமியார் காவல். முன்பு கருவாடு ஊட்டியவர், இப்போது நர்ஸம்மாவைவிடக் கண்டிப்பாகிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் ஆசையாக மூடி எடுத்து வந்த நெத்திலிக் கருவாட்டு வறுவலை வாசலிலேயே மறித்தார்.

"எம் மருமவளுக்கு உப்பு ஆவாது. எடுத்துக்கினு போ."

"இன்னாக்கா, வாயும் வயிறுமா கீற பொண்ணு. வாசன பட்டுடுச்சே. ஒரு வாயாவது குடுக்கலன்னா..."

"காதுல சீழு வந்தா வரட்டும். மருந்து ஊத்திக்கலாம். புள்ள வோணும் எனுக்கு. ரெண்டு மருமவளும் வோணும்."

உள்ளே படுத்திருந்த நான் அதைக் கேட்டேன். அதைச் சொல்லும்போது அவர் அக்காவையும் சேர்த்துக்கொண்டதை அக்காவிடம் அன்றே சொன்னேன். அவள் கேட்டபடியே தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

வாரா வாரம் வண்டியில் போனோம். கண்ணாடிக் குழாயில் வெண்மை குறைந்தது, பிறகு கொஞ்சம் கூடியது, மறுபடி குறைந்தது. கால் வீக்கம் வடிந்து மெட்டி கழன்று வந்தது. நிறைமாதம் நெருங்கியபோது ஒரு காலை மறுபடியும் நெற்றியில் அந்தக் கயிறு இறுகியது. நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா என் கணவரைக் கூட்டிவரச் செருப்பில்லாமல் மில்லுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பார்த்துவிட்டு, இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மில்லின் அரிசி லாரி அன்று காஞ்சிபுரம் போகிறதாக இருந்தது. மூட்டைகளைக் குறைத்து, மேலே வைக்கோல் பரப்பி என்னைப் படுக்க வைத்தார்கள். வழி நெடுக அக்கா என் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, குண்டும் குழியும் வரும்போதெல்லாம் தன் உடம்பால் என்னை அணைத்துக்கொண்டாள். அவள் உதடு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.

வலிப்பு வரவில்லை. அடுத்த நாள் மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. சிறியதாக, சிவப்பாக, ஆனால் உரக்க அழுதபடி. டாக்டர் வெளியே வந்து, தாயும் பிள்ளையும் நலம் என்று சொன்னதும் அக்கா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். என் கணவர் பிறகு சொன்னார். ஏரிக்கரையில் அழாதவள் அங்கேதான் அழுதாள். மாமியார் செய்த முதல் காரியம், குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இரண்டு காதையும் பார்த்ததுதான். சுத்தமாக இருந்தன. பார்த்துவிட்டு யாரும் கவனிக்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

உடம்பு தேறியதும் கொல்லை அடுப்பு மறுபடி எரிந்தது. முதல் ஈடு பகோடாவை அக்கா இலையில் வைத்து எனக்குக் கொடுத்தாள். எத்தனை மாதம் ஏங்கியது! வாயில் போட்டேன். உப்புக் கரித்தது. "இன்னாக்கா, இம்மாம் உப்பா போட்ட?" என்றேன். "எப்பவும் போடறதுதான்டி," என்றாள். அவளும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தாள். முகம் சுளித்தாள். அன்று முதல் அவள் பலகாரத்தில் உப்பு ஒரு பங்கு குறைந்தது. டாக்கீஸ் வாசலில் ஆரம்பத்தில் இரண்டொருவர் குறை சொன்னார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

இந்தக் காலத்து டாக்டர்கள் அப்படி அடியோடு உப்பை நிறுத்தச் சொல்வதில்லையாம், வேறு மருந்துகள் வந்துவிட்டனவாம். என் பேத்தி முழுகாமல் இருந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருக்கட்டும். என்னைக் காப்பாற்றியது உப்பை நிறுத்தியதா, வாரா வாரம் காட்டியதா, நேரத்தில் லாரி ஏறியதா என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. காலில் விழுந்த குழியைப் பார்த்து ஒருத்தி பயந்தாள். அந்தப் பயத்திலிருந்துதான் மற்றதெல்லாம் நடந்தது. அது எனக்குத் தெரியும்.

குழந்தைக்குச் சோறூட்டப் பழையசீவரம் மலைக்கோயிலுக்குப் போனோம். ராஜகுளத்திலிருந்து நைனாவும் வந்திருந்தார். சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு, முதல் வாய் யார் ஊட்டுவது என்று பேச்சு வந்தது. எனக்கு உடன்பிறந்தவன் கிடையாது. நைனா ஊட்டட்டும் என்றார் என் கணவர். நான், "அக்கா ஊட்டட்டும்," என்றேன்.

வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஒரு எட்டு பின்னால் போனாள். "நான் வாணாம்டி. நல்ல காரியத்துல..." என்றாள். நான் மாமியாரைப் பார்த்தேன். வளையல் அடுக்கிய நாளில் அவளைக் கூப்பிடாதவர் அவர்தான். மாமியார் என் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினார். நேரே அக்காவிடம் போய், "உக்காரு," என்றார். அவள் உட்கார்ந்ததும் குழந்தையை அவள் மடியில் வைத்தார். கிண்ணத்தையும் அவர் கையாலேயே கொடுத்தார்.

"இவ இல்லன்னா இந்தப் புள்ள ஏது? ஊட்டு," என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அக்கா ஒரு பருக்கையளவு எடுத்துக் குழந்தையின் உதட்டில் தடவினாள். குழந்தை முகத்தைக் கோணியது, நாக்கை நீட்டித் துப்பியது, பிறகு என்ன நினைத்ததோ மறுபடி வாயைத் திறந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மலையிறங்கும்போது குழந்தையை அக்காதான் வைத்திருந்தாள். பாதி வழியில் நைனா கேட்டார், கொடுக்கவில்லை. மாமியார் கேட்டார். "கை வலிக்கப் போவுது, இப்டிக் குடு," என்றார். "வலிக்கல," என்றாள். பாலாற்றுக் காற்று வீசிக்கொண்டிருந்தது. குழந்தையின் தலைமேல் தன் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டு அவள் முன்னால் போனாள். பஸ் வரும் சாலை வரைக்கும் நான் வெறுங்கையை வீசிக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன்.